அழுக்கைக் காட்டிக்கொடுக்காத நிறம்

நாலு முழம் அகலம், ஆறு முழம் நீளம்னு நான் சொன்னதும் கம்பளக் கடை பாய் சிரிச்சுட்டார். "முழக் கணக்கா? பூ வாங்கவா சார் வந்தீங்க?" வாஸ்தவம்தான். இந்தத் திருச்சியில முழம் போட்டு விக்கிறது பூ ஒண்ணுதான். முப்பத்தி நாலு வருஷம் தாலுகா ஆபீஸ்ல சர்வேயரா இருந்தவன் நான். ஊரான் நிலத்தையெல்லாம் சங்கிலி பிடிச்சு அளந்தவன், ஒரு சாண் கூடிப்போச்சுன்னு அண்ணனும் தம்பியும் அரிவாளோட நின்ன வரப்புல நின்னு கல்லு நட்டவன், சொந்த வீட்டுச் சாப்பாட்டு ரூமை வேட்டியால அளந்துட்டு வந்திருக்கேன். டேப் இல்லாம இல்ல. அலமாரியில மூணு டேப் கிடக்கு. டேப் பிடிக்கணும்னா குனியணும், ஒரு முனையைத் தரையில அழுத்தி வைக்கணும், அதுவும் அந்த இடத்துல, மேசைக்கும் அடுப்படி வாசலுக்கும் நடுவுல இருக்கிற அந்த டைல்ஸ் மேல. விட்டா சர்ருன்னு சுருண்டு சத்தம் வேற போடும், உள் ரூமுல கட்டில்ல படுத்திருக்கிற அரசி "என்னங்க அது"ன்னு கேப்பா. அரசி என் வீட்டுக்காரி, முழுப் பேரு மங்கையர்க்கரசி. அதனால கொடியில கிடந்த நாலு முழ வேட்டியை எடுத்து நின்னபடியே உதறி விரிச்சேன். அகலத்துக்கு ஒரு வேட்டி, நீளத்துக்கு ஒண்ணரை வேட்டி. குனியவே இல்ல. குனியாம ஒரு வேலையைச் செய்யணும்னா என்னைக் கேளுங்க. "ஒரு முழம் ஒண்ணரை அடி பாய், ஒன்பதுக்கு ஆறு எடுங்க"ன்னேன்.

"ஒன்பதுக்கு ஆறு நிறைய இருக்கு சார். எந்த ரூமுக்கு?" சாப்பிடற ரூமுக்குன்னேன். "டைனிங் டேபிளுக்கு அடியிலயா?" தோள்ல தூக்கின சுருளை அப்படியே இறக்கி நிறுத்திட்டார் மனுஷன். நல்ல மனுஷன், ஐம்பது வயசு இருக்கும், தாடியில பாதி நரை, விக்கிறதை விட்டுட்டு புத்தி சொல்றார். "நம்ம பக்கம் யாரும் அங்க போடுறதில்ல சார். ரசம் சிந்தும், பருக்கை விழும், ஈரத்துணி போட்டு எப்படித் துடைப்பீங்க? ஹால்ல போடுங்க, கட்டிலுக்குப் பக்கத்துல போடுங்க." எனக்குத் தெரியாதா? சாப்பிட்டு எழுந்திருச்ச இடத்தை அப்பவே துடைக்கலேன்னா அரசிக்கு இருப்புக் கொள்ளாது. கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட பந்தி எழுந்ததும் மேசையைத் துடைக்க ஆள் வருதான்னு திரும்பித் திரும்பிப் பாப்பா. அப்பேர்ப்பட்டவ வீட்டுல மேசைக்கு அடியில கம்பளம். இவ மட்டும் இப்ப பக்கத்துல இருந்திருந்தா, "பாய் கடைக்கு வந்து பாய் வாங்காமப் போறீங்களே"ன்னு என் காதுல சொல்லிட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு குலுங்குவா. சிரிச்சு நாப்பத்தி ஏழு நாளாச்சு. எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். போன வாரம் அவ சொன்னா, "அந்தத் தரையைப் பாத்தாலே குலை நடுங்குதுங்க"ன்னு. அப்ப தரை தெரியாமப் பண்ணிட்டா? அந்த யோசனை வந்த ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன், அதையும் சொல்லிடறேன். தரை தெரியக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேணும். அந்த டைல்ஸை நான்தான் தேர்ந்தெடுத்தேன். முகம் பாக்கலாம் அதுலன்னு வந்தவன் போனவன்கிட்டயெல்லாம் பீத்திக்கிட்டேன். இப்ப முகம் பாக்கத்தான் முடியல.

செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்திருக்கேன், உள்ளே தரை முழுக்க விரிச்சுக் கிடக்கு, பாதம் பதியப் பதிய கூச்சமா இருக்கு. மெத்து மெத்துன்னு காலுக்குக் கீழ எதுவும் உறுதியா இல்லாத மாதிரி. அரசிக்கு இப்படித்தான் இருக்குமோ நடக்கும்போது? பாய் ஒண்ணொண்ணா உதறி விரிக்கிறார். ஒண்ணு பச்சை, மயில் கழுத்து மாதிரி. அது வேண்டாம், சின்னப் பருக்கை விழுந்தாலும் வானத்துல நிலா மாதிரி தெரியும். ஒண்ணு சந்தன நிறம், அது கிட்டயே போகக் கூடாது. அப்புறம் ஒண்ணை விரிச்சார், காப்பிப்பொடி நிறமும் சிவப்பும் கலந்து, பூவா கொடியான்னு தெரியாத ஒரு குழப்பம். "இதை எடுத்துக்கங்க சார். என்ன சிந்தினாலும் தெரியாது. இந்தக் கலர் அழுக்கைக் காட்டிக்கொடுக்காது." காட்டிக்கொடுக்காது. ஏன்யா, வேற வார்த்தையே கிடைக்கலையா உனக்கு? எல்லாக் கடையிலயும் சொல்றதுதான், சட்டைத் துணி எடுத்தாலும் சொல்லுவான், சோபா உறை எடுத்தாலும் சொல்லுவான், நானும் தலையாட்டி வாங்கிட்டு வந்திருக்கேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. என் உத்தியோகத்துல ஒண்ணு கண்டிருக்கேன். எல்லைக் கல்லு நகந்து கிடக்குன்னு புகார் வந்து போய் நிப்போம். ரெண்டு பக்கத்துக்காரனும் இருப்பான். நாங்க சங்கிலியை எடுக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தன் கத்துவான், "எவன்டா கல்லைத் தொட்டது"ன்னு. அவன்தான் தொட்டவன். தப்பவே தப்பாது. கல்லை நகத்தினவன்தான் முதல்ல சத்தம் போடுவான்.

அன்னைக்கு நானும் சத்தம்தான் போட்டேன். ஞாயித்துக்கிழமை, காலையில இட்லி. அரசி அடுப்படியில ரெண்டாவது ஈடு எடுத்துட்டிருந்தா. நான் பொடிக்கு நல்லெண்ணெய் ஊத்தறேன், பேப்பர்ல ஒரு கண்ணு, கிண்ணி சரிஞ்சு தரையில ஒரு கரண்டி எண்ணெய் கொட்டிடுச்சு. என்ன பண்ணணும்? எழுந்திருச்சு, துணி எடுத்து, குனிஞ்சு துடைக்கணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ தலையில அடிச்சுக்கிற ஒரே விஷயம் இதுதான். "காலால தேய்க்காதீங்க, குனிஞ்சு துடைங்க. இடுப்பு வளையாதா உங்களுக்கு?" நான் உக்காந்தபடியே கால்மிதியைக் கட்டைவிரலால இழுத்து ரெண்டு தேய் தேய்ச்சுட்டு அடுத்த இட்லியைப் பிட்டேன். எண்ணெய் எங்க போகும்? பரவிச்சு. பளபளன்னு இருக்கிற டைல்ஸ்ல எண்ணெய் எது டைல்ஸ் எது, எவனுக்குத் தெரியும்? அவ தட்டுல இட்லியும் கையில சட்னியுமா வந்தா. அந்தச் சத்தம். தட்டு விழுந்து சுத்திச் சுத்தி அடங்குற சத்தம். நான் வாயைத் திறந்து என்ன சொன்னேன் தெரியுமா? அய்யோன்னு சொல்லல, அரசின்னு சொல்லல. "பாத்து வரக் கூடாதா? கண்ணை எங்க வச்சிருக்க?"ன்னு கத்தினேன். நம்ம ஆளுங்க எல்லாரும் அப்படித்தான். புள்ளை விழுந்தா தூக்கறதுக்கு முன்னாடி முதுகுல ஒண்ணு வைப்போம், பயத்துல வர்ற கோபம். ஆனா எனக்கு வந்தது அது மட்டும் இல்ல. எனக்குத் தெரியும் அது எந்தச் சத்தம்னு. கீழ கிடந்தவ மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, "ஆமாங்க, நான்தான் பாக்கல. காலு தானா போயிடுச்சுங்க"ன்னா. தண்ணி கேட்டா. உள்ளே ஓடினேன். திரும்பி வரும்போது ஒரு கையில தண்ணி, இன்னொரு கையில சோப்புத்தூள் போட்ட ஈரத்துணி. எதை முதல்ல பண்ணேன்? துடைச்சேன். முட்டி போட்டு, நல்லாக் குனிஞ்சு, என் ஆயுசுலயே அன்னைக்குத்தான் ஒரு தரையை ஒழுங்காத் துடைச்சேன். அவ வலியில முனகிக்கிட்டே, "சட்னி கிடக்கட்டும், அப்புறம் துடைக்கலாம், என்னைத் தூக்குங்க"ன்னா. சட்னின்னு நினைச்சுக்கிட்டா.

மணிக்கட்டுல முறிவு, இடுப்புல ஊமை அடி. மாவுக்கட்டுப் போட்டு, பிரிச்சும் ஆச்சு. "காலுக்கு ஒண்ணுமே இல்லம்மா, எழுந்து நடங்க"ன்னுட்டார் டாக்டர். இவ நடக்கல. கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும், அதுவும் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு, பக்கத்துல லூர்தம்மா கைத்தாங்கலா வரணும். லூர்தம்மா பகல்ல பாத்துக்க வர்ற அம்மா. சாப்பாடு கட்டில்லயே. ஏன்னா அரசியோட அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. ஒருநாள் காரணமே இல்லாம நடந்துட்டிருக்கும்போதே விழுந்தாங்க. அப்புறம் ஒரு தடவை. மூணாவது தடவை விழுந்தவங்க எழுந்திருக்கல, ஒன்பது வருஷம் படுக்கை. அந்த ஒன்பது வருஷமும் எடுத்துப் போட்டுச் செஞ்சவ அரசி. "காரணமே இல்லாம கால் போகுதுன்னா அதுதாங்க"ன்னு ஒரே உறுதியா இருக்கா. ஸ்கேன் எடுத்தாச்சு, நரம்பு டாக்டரைப் பாத்தாச்சு, எல்லாம் சுத்தம். "அம்மாவுக்கும் முதல் ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல"ங்கிறா. காரணம் இல்லாம. காரணம் கட்டிலுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து இட்லி ஊட்டுது. மாவுக்கட்டுப் போட்டது வலது கையாச்சே, நான்தான் ஊட்டினேன். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு வீட்டுக்காரரா, தங்கமான மனுஷன்"னு சொல்லிட்டுப் போனாங்க. ஓசூர்லேர்ந்து மக பூங்கோதை வந்து இருபது நாள் இருந்துட்டு, போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா, "உங்களை மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்கப்பா"ன்னு. எனக்கு அது பிடிச்சும் இருந்துச்சு. ச்சீ. முதல் நாள் சொல்லியிருக்கலாம். வலியில இருக்கா, இப்ப எதுக்குன்னு விட்டேன். ரெண்டாம் நாள் மக வந்துட்டா, அவ முன்னாடி எப்படின்னு விட்டேன். மக போனப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேப்பாளேன்னு விட்டேன். எண்ணெய் கொட்டினது ஒரு தப்பு. ஒவ்வொரு நாளும் அது மேல இன்னொரு தப்பு, இப்ப நாப்பத்தி ஏழு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதும்பாங்க. நான் ஒன்பதுக்கு ஆறு அடியில மறைக்கப் பாக்கிறேன்.

"மூலை சுருளாதா பாய்?"னு கேக்கிறேன். வீட்டுல கொஞ்சம் நடக்க முடியாதவங்க இருக்காங்கன்னேன். கொஞ்சம் நடக்க முடியாதவங்க, என்ன ஒரு பேச்சு. பாய் முகம் மாறிடுச்சு. "அப்படின்னா சார், அடியில ரப்பர் வலை தர்றேன், நகராது. ஆனாலும் சொல்றேன், காலைத் தூக்கி வைக்க முடியாதவங்களுக்கு இந்த ஓரம் தட்டும். என் மாமியாருக்குத் தட்டிடுச்சு." பாத்தீங்களா, அவளை இன்னொரு தடவை விழ வைக்கத்தான் இதை வாங்க வந்திருக்கேன். இதுல விழுந்தா ரெண்டாவது தடவை. அவ கணக்குல மூணாவது தடவைக்கு அப்புறம் எழுந்திருக்கிறதில்ல. உக்காரட்டுமான்னு கேட்டேன், ஸ்டூல் போட்டார், தண்ணி கொடுத்தார். தண்ணி கேட்டா உடனே தண்ணியை மட்டும் கொண்டு வந்து கொடுக்கிற மனுஷன். "இன்னொண்ணும் சொல்லிடறேன் சார், எண்ணெய் மட்டும் சிந்தாமப் பாத்துக்கங்க. மத்தது தண்ணியில போயிடும். எண்ணெய் அடியில இறங்கிடும். மேல தெரியாது, ஆனா போகவே போகாது." சரி பாய். சரி. இவருக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க. இல்ல, எண்ணெய்னா எண்ணெய், அவர் கம்பளத்தைப் பத்தித்தான் சொல்றார். நாற்காலி இழுத்தாலும் சத்தம் வராது சார்ங்கிறார் அடுத்து. நாற்காலிச் சத்தம். எங்க வீட்டு நாற்காலிக்குக் காலுல ரப்பர் தேஞ்சு போச்சு, இழுத்தா கிரீச்சுன்னு பல்லு கூசும். எல்லாருக்கும் போட்டுட்டு அரசி கடைசியா நாற்காலியை இழுப்பா, அந்தக் கிரீச்சு கேட்டாத்தான் சாப்பாடு முடிஞ்ச மாதிரி. எத்தனை தடவை எரிஞ்சு விழுந்திருக்கேன், தூக்கிப் போடேன்னு. இப்ப அந்தச் சத்தத்துக்கு என்ன வேணும்னாலும் கொடுப்பேன். அதையும் கேக்காமப் பண்ண ஒரு கம்பளம்.

"வீட்டுல அம்மாவை ஒரு வார்த்தை கலர் கேட்டுடுங்க சார், அப்புறம் மாத்த வந்து நிப்பீங்க"ன்னார் பாய். போன் போட்டேன். லூர்தம்மா எடுத்து அரசி கையில கொடுத்தா. கம்பளம் பாத்துட்டிருக்கேன் அரசி, சிவப்பும் காப்பிப்பொடியும் கலந்த மாதிரி ஒண்ணு இருக்குன்னேன். "எந்தக் கலரா இருந்தா என்னங்க, நான் அங்க வரப் போறேனா? உங்களுக்குப் பிடிச்சதை எடுங்க." அந்தக் குரல்ல கோபம் இல்ல, சலிப்பு இல்ல, ஒண்ணுமே இல்ல. அப்புறம் என்னமோ ஞாபகம் வந்தவ மாதிரி, "என்னங்க, அந்தக் கடையிலயே ரப்பர் ஷீட் இருக்குமா? அம்மாவுக்குக் கட்டில்ல விரிச்சோமே, அந்த மாதிரி. இல்லேன்னா மருந்துக்கடையில கேளுங்க. எப்படியும் வேண்டித்தானே இருக்கும், இப்பவே ஒண்ணு வாங்கி வச்சுடலாம்"னா. ரப்பர் ஷீட். அவங்க அம்மாவோட அந்தப் பழுப்பு நிற ரப்பர் ஷீட்டை ஒன்பது வருஷம் தினம் கழுவிக் காயப்போட்டவ, தனக்கு ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்றா, அப்பளம் வாங்கிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி. அரசி, எண்ணெய்டின்னேன். என்ன எண்ணெய்னு கேட்டா. நல்லெண்ணெய். அன்னைக்குப் பொடிக்கு ஊத்தும்போது கொட்டிட்டேன். நீ அதுலதான் வழுக்கி விழுந்த. உன் காலு போகல. உனக்கு ஒண்ணுமில்ல, நான்தான் கொட்டினேன், நீ கீழ கிடக்கும்போது துடைச்சேனே, அது சட்னி இல்ல, எண்ணெய். பாய் சட்டுன்னு அந்தப் பக்கம் திரும்பி இல்லாத தூசியைத் தட்ட ஆரம்பிச்சார்.

வச்சுட்டாளோன்னு போனைப் பாத்தேன், வைக்கல, நொடி ஓடிட்டிருக்கு. மூச்சு கேக்குது. அப்புறம் மெதுவா, "காலால தேய்ச்சீங்களா?"ன்னா. ஆமாம்னேன். திட்டு, திட்டுடி, என்ன வேணும்னாலும் சொல்லு. "அப்ப..." குரல் உடையுது, "அப்ப என் காலு நல்ல காலுதானா?" நல்ல காலுதான் அரசி. "அம்மாவுக்கு வந்தது இல்லையா?" இல்ல, சத்தியமா இல்ல. ஒரு அழுகை வந்துச்சு பாருங்க, மணிக்கட்டு முறிஞ்ச அன்னைக்குக்கூட அப்படி அழல. சின்னப் புள்ளை மாதிரி தேம்பித் தேம்பி. பின்னால லூர்தம்மா, "என்னம்மா, என்ன ஆச்சு, அய்யாவுக்கு ஏதாச்சுமா?"ன்னு பதறுறா. அழுகை நின்னுது. நின்ன விதம் எனக்குப் பிடிக்கல. "நாப்பது நாளுக்கு மேல"ன்னா. "தினம் ராத்திரி காலைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு படுத்திருந்தேன், உணர்ச்சி இருக்கா, இருக்கான்னு. நீங்க பக்கத்துலதானே படுத்திருந்தீங்க?" எனக்குத் தெரியும் அவ தொட்டுப் பாக்கிறது. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டிருக்கேன். போன் எங்கயோ துணி மேல உரசற சத்தம். "அம்மா, இருங்க, வாக்கரைப் பிடிங்க"ன்னு லூர்தம்மா. "தள்ளி வை அதை." இரும்பு தரையில இடிக்கிற சத்தம். அப்புறம் ஒரு அடி. மெட்டி டைல்ஸ்ல படுற சத்தம், எனக்குத் தெரியாதா அது. இன்னொரு அடி. ரொம்ப நேரம் கழிச்சு அடுத்த அடி. அப்புறம் கிரீச்சுன்னு நாற்காலி இழுபட்டுது. பல்லெல்லாம் கூசிடுச்சு எனக்கு, கண்ணுல தண்ணி. "டைனிங் டேபிள்ல உக்காந்திருக்கேன்"னா அரசி, மூச்சு வாங்க. "வாங்க. வந்து அந்தத் தரையில நின்னு, என் மூஞ்சியைப் பாத்து அதைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்ககூட பேசறதா வேண்டாமான்னு பாக்கிறேன்." வச்சுட்டா.

பாய் கேக்கல, நானாத்தான் சொன்னேன், கம்பளம் வேண்டாம், இவ்வளவு விரிக்க வச்சுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு. "அதுக்கென்ன சார், விரிக்கத்தானே இருக்கேன்"னார். வாசல்ல என் செருப்பு ஒண்ணு கவுந்து கிடந்துச்சு. காலாலயே புரட்டிப் போட்டுக்கிற ஆளு நான். குனிஞ்சு நிமுத்தி, வாரைப் போட்டேன், முட்டி கடகடன்னுது. என்ன சொல்லப் போறேன், எப்படி ஆரம்பிக்கப் போறேன், அவ முகத்தை எப்படிப் பாப்பேன், ஒண்ணும் தெரியல. படி கிட்ட வந்தப்ப பின்னாலேர்ந்து பாய் குரல் கொடுத்தார். "பாத்துப் போங்க சார், படியில நான் இப்பத்தான் தண்ணி ஊத்தினேன், வழுக்கும்." ஒரே வரி. இவருக்கு எவ்வளவு சுலபமா வருது.